மெயினை அணைத்துவிட்டுப் போகிற வீடு

முருகேசா, பவித்ரா, என் கம்ப்யூட்டர் கடைச் சாவியை உங்கள் கையில் கொடுத்த அன்று, "அம்பத்திரண்டு வயசுல யாருண்ணே ரிட்டயர்டு ஆகுறா?" என்று பவித்ரா கேட்டாள். தோள்வலி என்று சொன்னேன். முருகேசன் சிரித்தான். அவன் நம்பவில்லை என்று தெரிந்தது. தோள்வலி இருப்பது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. கடையில் நின்றபடி சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று பயந்தேன். அதனால் எழுதித் தருகிறேன். இருவரும் ஒருமுறை படியுங்கள்.

எந்த போர்டுக்கு எந்த ராம், எந்த பிராசசருக்கு எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது, ஒரு பெட்டிக்கு உதிரிபாகம் தேர்ந்தெடுக்கும்போது யாரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றி.

கடை தொடங்கிய புதிதில் ஒரு பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தேன். அவ்வளவு சின்னக் கேஸ் அப்போது ராஜபாளையத்தில் யாரிடமும் கிடையாது. எனக்கு ஒரே பெருமை. இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்காரர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே போர்டே தெரியவில்லை. தறி ஓடுகிற அறையில் பறக்கும் பஞ்சை எல்லாம் ஃபேன் உள்ளே இழுத்து அடைத்து வைத்திருந்தது.

"ஏலே, நான் கம்ப்யூட்டர் கேட்டேனா, தலையணை கேட்டேனா?" என்றார்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் காது சுட்டது. அன்றிலிருந்து பெட்டி கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் வீட்டைப் பற்றித்தான் கேட்பேன். எந்த அறையில் வைப்பீர்கள், அந்த அறையைப் பெருக்குவது யார், எறும்பு வருமா, கரண்ட் எத்தனை தடவை போகும், வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா. நான் ஏதோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி கேள்வி கேட்கிறேன் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். செய்யுங்கள். கேட்பதை மட்டும் விடாதீர்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாக இதையெல்லாம் கேட்டவன், ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒன்றையும் கேட்கவில்லை. அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் சொந்த வீடு.

எங்கள் மகள் நாச்சியார் பிறந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிய ஒரு வருஷம் ஆனது. மதுரையில் ஆபரேஷன் செய்து காக்ளியர் கருவி வைத்தார்கள். உள்ளே ஒரு பாகம், வெளியே காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு பாகம். அதை வைத்துவிட்டால் மறுநாளே பிள்ளை கேட்டுப் பேசிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சத்தம் என்று ஒன்று இருப்பதையே அவள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மிக்சி ஓடுவது ஒரு சத்தம், அம்மா பேசுவது இன்னொரு சத்தம் என்று பிரித்தறிய மாதக்கணக்கில் ஆகும். பயிற்சி கொடுக்கிற டீச்சர், தினமும் பத்து நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள் என்றார். நாளுக்கு நாள் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மாதத்துக்கு மாதம் பார்த்தால்தான் பிள்ளை நகர்வது தெரியும் என்றார்.

என் மனைவி செல்வி ஒரு நாள் விடாமல் எடுத்தாள். அவள் போன் மூன்று வாரத்தில் நிரம்பிவிட்டது. பிள்ளையின் தலையில் கருவி மாட்டிய படங்களை இணையத்தில் எங்கேயோ ஒருவர் இடத்தில் கொண்டுபோய் வைக்க அவளுக்கு மனம் இல்லை.

"கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கீக. வீட்டுக்குள்ளயே வைக்க ஒரு வழி செய்ய மாட்டீகளா?" என்றாள்.

செய்தேன். நீங்களும் நிறையச் செய்து கொடுத்திருக்கிற அதே சின்ன ஹோம் சர்வர்தான். ஒரு மூலையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். போனில் எடுக்கிற வீடியோ எல்லாம் வைஃபை வழியாகத் தானாக அதில் போய்ச் சேரும். சேர்ந்ததும் போனிலிருந்து அழிந்துவிடும்படி நானே அமைத்தேன். போனில் இடம் வேண்டுமே.

பாகங்களை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தேர்ந்தெடுக்கவே இல்லை. கடை அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்ததை எடுத்தேன். ஒரு சின்ன போர்டு இருந்தது, நல்ல போர்டு. ஒரு வாடிக்கையாளர் சத்தம் போடுகிறது என்று திருப்பித் தந்த பவர் சப்ளை இருந்தது. துடைத்துப் போட்டேன், ஓடியது. கண்காணிப்புக் கேமரா ரெக்கார்டர் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு டிஸ்க் இருந்தன. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதும்படி இரண்டையும் இணைத்தேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்ற தைரியம். கோளாறு வந்தால் எச்சரிக்கைக் கடிதம் போகும்படி ஒரு ஈமெயில் முகவரி கொடுக்க வேண்டும் அல்லவா, கடையின் பழைய முகவரியைக் கொடுத்தேன். நான் திறந்தே பார்க்காத முகவரி அது. பெட்டியை டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்தேன். பக்கத்தில்தான் நாச்சியார் உட்கார்ந்து படம் வரைவாள்.

ஒரு வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு பெட்டியை முருகேசன் செய்து வைத்திருந்தால் அவனை அன்று மாலை வரை திட்டியிருப்பேன்.

செல்விக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவாள். கோயிலுக்கு என்றாலும் சரி, தெருமுனைக் கடைக்கு என்றாலும் சரி. இடி இடித்தாலும் அப்படித்தான். வத்திராயிருப்பில் அவள் பிறந்த வீட்டில், எல்லாரும் வயலுக்குப் போயிருந்தபோது மீட்டர் பெட்டி தீப்பிடித்துப் பாதி வீடு போயிற்று. அப்போது அவளுக்கு எட்டு வயது. இது எனக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரியும். எந்நேரமும் ஓட வேண்டிய ஒரு பெட்டியை, தினமும் இரண்டு தடவை மெயின் அணைகிற வீட்டில் கொண்டு வைத்தேன். சின்ன யூ.பி.எஸ். கூட வைக்கவில்லை. "பெட்டி இருக்கு, அணைக்காதே" என்று ஒரு தடவை சொன்னேன். அவள் "சரிங்க" என்றாள். கை பழகியபடிதான் போகும். எனக்கும் அது தெரியும்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவும் மகளும் ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து மெயினைப் போட்டிருக்கிறார்கள். நான் கடையில் இருந்தேன். பில்லிங் மெஷின் வாங்க வந்தவர் எதிரே நிற்கிறார். போன் வந்தது.

"ஏங்க, உங்க பெட்டி டப்புன்னு வெடிச்சுப் பொகையா வருது."

நான் கேட்டேன்: "டிஸ்க் என்னாச்சு?"

பிறகு செல்வி மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா கொல்லைப்பக்கம் கால் கழுவிக்கிட்டு இருந்தா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. மெயினை அணைச்சுட்டு ரெண்டு பேரும் வாசல்ல நிக்கோம்."

நான் கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொன்னாள். இத்தனை மாதம் கழித்தும், ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு நேரத்தில் அந்தக் குரல் என் காதில் வருகிறது. முருகேசா, பவித்ரா, அவசரம் என்று ஒரு போன் உங்களுக்கும் வரும். முதலில் வாயிலிருந்து எது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் டிஸ்க்கைக் கேட்டுக் கேட்டு நாக்கு அப்படிப் பழகிவிடுகிறது.

ராஜபாளையம் சங்கரன்கோவில் முக்கில் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தேன். இருவரும் இன்னும் வாசலில்தான் நின்றார்கள். நாச்சியார் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து, "பூம்" என்றாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. உள்ளே போனேன். டிவி ஸ்டாண்டின் ஓரம் கருகியிருந்தது. அவள் வரைகிற நோட்டுப் புத்தகம் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதன் மேல் கொஞ்சம் கரி. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெடித்தது பவர் சப்ளை. மின்சாரம் திரும்பி வந்தபோது தாங்காமல் போயிருக்கிறது. போகும்போது இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து அளவுக்கு மீறிய மின்சாரத்தை அனுப்பிவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு பிரதி வைத்திருந்தேன், ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன.

கடைக்குக் கொண்டுபோய் நானே பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பெட்டியைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். மறுநாள் மதுரைக்குப் போனேன். டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்கிற ஒரு பெண்ணைப் பற்றி நம் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். மாடியில் ஒரு சின்ன அறை. வயது இருபத்தைந்துகூட இருக்காது. பெட்டியை முழுதாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு சார் அசெம்பிள் பண்ணுனது?"

"நான்தாம்மா."

"எந்த கஸ்டமருக்கு?"

"என் வீட்டுக்கு."

"கஸ்டமருக்கு இந்த பவர் சப்ளை போடுவீங்களா?"

"மாட்டேன்."

"வீட்ல இருக்கவங்க மட்டும் என்ன சார் பாவம் பண்ணுனாங்க?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தெரியாமல்தான் கேட்டாள். என் ஆசான் யார் என்று யாராவது கேட்டால், என் வயதில் பாதிகூட இல்லாத, பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

ஒரு டிஸ்க்கின் சிப் முழுதாகக் கருகிவிட்டது, உள்ளேயும் அடி விழுந்திருக்கிறது என்றாள். இன்னொன்றின் பலகையில் மிளகை விடச் சின்னதாக ஒரு டயோடு உண்டு. மின்சாரம் அளவு மீறினால் அது தான் கருகி மற்றதைக் காப்பாற்றும். அதை எடுத்துவிட்டு நல்ல சப்ளை கொடுத்தாள். டிஸ்க் சுழல ஆரம்பித்தது. நாச்சியாரின் முகம் அவள் திரையில் வந்தது. இரண்டரை வயதில், மத்தளம் தட்டுகிற பொம்மையை முறைத்துக்கொண்டு. நான் வெளியே வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி உள்ளே போனபோது அந்தப் பெண் தயங்கினாள்.

"சார், இதுல ஆனி மாசம் வரைக்கும்தான் இருக்கு. அதுக்கப்புறம் இந்த டிஸ்க் ஜோடியில இருந்து விலகிடுச்சு. அடிக்கடி திடீர்னு கரண்ட் போயிருக்கும்போல. வார்னிங் மெயில் எதுவும் வரலையா?"

வந்திருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பழைய முகவரியைத் திறந்து பார்த்தேன். ஒரு டிஸ்க் விலகிவிட்டது, உடனே கவனிக்கவும் என்று நாள் தவறாமல் ஒரு கடிதம் வந்திருந்தது. நான்கு மாதக் கடிதங்கள். மற்ற டிஸ்க்கில் மட்டும் இருந்த நான்கு மாத வீடியோக்கள் அந்தக் கருகிய சிப்போடு போய்விட்டன.

அந்த நான்கு மாதத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆவணியில் ஒரு நாள் செல்வி கடைக்குப் போன் செய்தாள். அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏங்க, பாப்பா திரும்பிட்டா! நான் அடுக்களையில நின்னு பேரைச் சொன்னேன். என்னப் பாக்கலை, வாயைப் பாக்கலை, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. 'என்னம்மா'ன்னு திரும்பிட்டா! வீடியோவுல விழுந்திருச்சு!"

கடையில் அன்று கூட்டம். "அப்படியே வை, வந்து பார்க்கேன்" என்றேன். வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், களைப்பாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் போக வேண்டியிருந்தது. பெட்டியில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது. இப்படியே ஐப்பசி வந்துவிட்டது. என் மகள் முதல் தடவை பெயர் கேட்டுத் திரும்பியதை நான் நேரிலும் பார்க்கவில்லை, வீடியோவிலும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பவர் சப்ளை, திறக்காத கடிதங்கள், நான்கு மாதம். மெயினை அணைத்தது அவள் தப்பு என்று அவளே நினைத்திருந்தாள். அது இல்லை என்பதையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நான்தான் கண்ணால பாத்துட்டேனே. எனக்கு ஒண்ணும் போகலைங்க. உங்களுக்குத்தான் போச்சு" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள். சாவியை உங்களிடம் கொடுத்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

இப்போது புதிய பெட்டியைப் பற்றி. இந்த முறை செல்வியை வாடிக்கையாளராக உட்கார வைத்தேன். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சிரிப்பு.

"எங்க வைக்கணும்மா?"

"பீரோவுக்குப் பக்கத்துல, ஒசரத்துல. பாப்பாவுக்கு எட்டப்படாது."

"வெளியே போறப்ப மெயினை அணைப்பீகளா?"

"அணைப்பேன்."

"அணைக்காம இருக்க ஏலுமா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். "ஏலாதுங்க. வாசல் தாண்டுனதும் அந்த நெருப்பு கண்ணு முன்னால வந்துரும்" என்றாள்.

நோட்டில் முதல் வரியாக அதை எழுதினேன்: இந்த வீட்டில் மெயின் அணையும். மற்ற எல்லா பாகமும் அந்த வரிக்குக் கீழேதான் வந்தன. வேகத்தை விட்டேன். வீடியோ வாங்கி வைக்கிற பெட்டிக்கு வேகம் எதற்கு? குறைவாக மின்சாரம் குடித்து, சூடாகாமல் இருக்கிற பிராசசர் எடுத்தேன். அப்படி எடுத்ததால் சின்ன யூ.பி.எஸ். ஒன்றே அரை மணி நேரம் தாங்கும் என்று ஆனது. மெயின் அணைந்தால் அது பெட்டிக்குத் தகவல் சொல்லும், பெட்டி எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு முறையாகத் தூங்கப் போகும். கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே எழுந்துகொள்கிற போர்டாகப் பார்த்தேன். பவர் சப்ளையைப் புதிதாக, நான் எந்த வாடிக்கையாளருக்கும் வாங்கியதைவிட நல்லதாக வாங்கினேன். கேஸ் தகரம்தான், கண்ணாடிப் பக்கம் போகவில்லை. கேஸ் படங்களைக் காட்டியபோது ஒன்றைப் பார்த்து, "இது என்ன, டிபன் கேரியரா?" என்று செல்வி கேட்டாள். அவள் கேலி செய்ததையே வாங்கினேன். உள்ளே காற்றுப் போக அதில்தான் நல்ல வழி இருந்தது. டிஸ்க் இரண்டும் வேறு வேறு கம்பெனி. மூன்றாவதாக ஒரு பிரதி, கடையில் உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கிறதே, 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டிய டிஸ்க், அது. எச்சரிக்கை வந்தால் இப்போது செல்வியின் போனுக்கே வருகிறது. அவள் எதையும் படிக்காமல் விடமாட்டாள்.

வீட்டுக்கு ஏற்றபடி பெட்டியைத் தேடுங்கள். பெட்டிக்காக வீட்டில் இருப்பவர்களின் பயத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அதோடு இன்னொன்று. பெட்டி கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம், உள்ளே போட்டதை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்பதும் அப்படித்தான் தெரியும்.

எல்லாம் பொருத்தி முடித்து, யூ.பி.எஸ்.ஸை மட்டும் சோதிக்காமல் விட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், மெயினை அணைக்க எனக்குத்தான் பயமாக இருந்தது. போன வாரம், பெட்டியை வைத்த மறுநாளே, மூவரும் மம்சாபுரத்தில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினோம். செல்வி வழக்கம்போல மெயினுக்குக் கையைக் கொண்டுபோய், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அணைக்கவா?"

"அணை."

அணைத்தாள். கதவைப் பூட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படி இறங்கினோம். தெருவுக்கு வந்த பிறகு நாச்சியார் என் விரலைப் பிடித்து இழுத்தாள். பூட்டிய கதவைக் காட்டினாள்.

"அப்பா, உள்ள ஏதோ கத்துது."

"ஒண்ணும் இல்லடா, வா."

"கத்துது. பீப்... பீப்..."

நான் படியேறிப் போய் கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். ஆமாம். யூ.பி.எஸ்., கரண்ட் போய்விட்டது என்று மெல்லியதாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கதவில் காதை வைத்தால்தான் கேட்கிறது. அவள் தெருவில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி முறைப்படி யூ.பி.எஸ்.ஸையும் அணைத்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும், சத்தம் நின்றது.

"இப்ப இல்ல" என்றாள் நாச்சியார், கீழே நின்றபடி.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். செல்வி வீடியோவுக்காகப் போனை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூவரும் படியில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த பீப் சத்தத்தை நிறுத்துகிற வசதி யூ.பி.எஸ்.ஸில் உண்டு. வாடிக்கையாளர் வீடுகளில் தொந்தரவாக இருக்கும் என்று நாம் முதலிலேயே அதை நிறுத்திக் கொடுத்துவிடுவோம். என் வீட்டில் நான் நிறுத்தவில்லை.